வாலிபனும் முதல் வாகனமும்

பர்கூரில் ஜவுளி வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர் சென்ற வாரம் நமது காரியாலயத்திற்கு வந்திருந்தார். வியாபார விஷயமாகவும் அல்ல, வழக்கு விஷயமாகவும் அல்ல; குமாரன் விஷயமாக. பையனுக்குப் பதினெட்டு வயது பூர்த்தியாகி, மோட்டார் சைக்கிள் ஓட்டும் லைசென்ஸும் கைக்கு வந்துவிட்டது. வந்த அன்றே, வாலிபர்கள் 'ஸ்போர்ட்ஸ் பைக்' என்று அழைக்கும் பந்தய மோஸ்தர் வண்டி ஒன்றின் பெயரைச் சொல்லி, வாங்கினால் அதுதான் வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றுமே வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம். மூன்று நாளாக வீட்டில் சரியாகச் சாப்பிடுவதும் இல்லையாம். "வாங்கிக் கொடுத்தாலும் பயம், வாங்கிக் கொடுக்காவிட்டாலும் பயம். நான் என்னதான் செய்வது?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வி அவர் ஒருவருடையதன்று. கிருஷ்ணகிரி ஜில்லாவில் வயது வந்த பிள்ளையுள்ள ஒவ்வொரு வீட்டிலும் இது ஏதாவதொரு நாள் எழுந்தே தீரும். ஆகையால் நண்பருக்குத் தனியாகச் சொன்ன பதிலை இங்கே சற்று விரித்து எழுதுவது பொதுநலத்திற்கு உகந்ததென்று கருதுகிறோம்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மோட்டார் சைக்கிளே வேண்டாம் என்று சொல்வது இந்தப் பிரதேசத்தில் நடக்கக்கூடிய காரியமன்று. சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் தேசிய நெடுஞ்சாலை பர்கூர் வழியே போகிறது. சிப்காட் தொழிற்பேட்டை ஒரு பக்கம். 1994-ல் தோன்றிய அரசினர் பொறியியற் கல்லூரி ஒரு பக்கம். கிருஷ்ணகிரியைத் தாண்டிச் சென்றால் ஓசூர்த் தொழிற்சாலைகள். இரவு முறை வேலை முடித்து வருகிறவனுக்கு அவன் கிராமத்திற்குப் பஸ் காத்திருப்பதில்லை. உழைத்துப் பிழைக்கிற குடும்பத்தில் மோட்டார் சைக்கிள் இன்று ஆடம்பரப் பொருளன்று. ஏரும் மாடும் இருந்த இடத்தில் இருக்கிற சாதனம். ஆகவே, வாங்குவதா, வேண்டாமா என்பதன்று கேள்வி. முதலில் எதை வாங்குவது என்பதே கேள்வி.

வாலிபனுடைய ஆசையைப் பரிகசிப்பதும் நியாயமன்று. இந்த ஆசை அந்நிய நாட்டிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டதல்ல. நம் ஊர் மண்ணிலேயே விளைந்தது. 1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 என்ற சிறு மொபெட் வெளிவந்தபோது, பால்காரரும் பள்ளி உபாத்தியாயரும் அதைத் தங்கள் வாகனமாக ஏற்றுக்கொண்டனர். 1984-ல் ஜப்பானிய சுஸுகி கம்பெனியின் கூட்டுறவுடன் 100 சி.சி. மோட்டார் சைக்கிள்கள் பிறந்தன. 2001-ல் அக்கூட்டுறவு முடிந்தது. அந்நியர் துணை போய்விட்டால் கம்பெனி என்னாகுமோ என்று கவலைப்பட்டவர்களுக்கு, 2006-ல் வந்த அப்பாச்சி பதில் சொல்லிற்று. 2013-ல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கம்பெனியே ஓசூருடன் உடன்படிக்கை செய்துகொண்டது. அதன் பயனாகப் பிறந்த 310 சி.சி. இன்ஜின் ஜெர்மானியப் பெயருடனும் ஓடுகிறது, 2017 டிசம்பரில் வெளிவந்த அப்பாச்சி ஆர்.ஆர். 310 என்ற தமிழ்நாட்டு வண்டியிலும் ஓடுகிறது. தன் ஜில்லாவில் செய்யப்படும் யந்திரம் உலகெங்கும் போவதைக் காணும் பையன் அதன்மீது மோகம் கொள்வதில் வியப்பென்ன? நமக்கும் அதில் பெருமை உண்டு. ஆனால் யந்திரத்தைச் செய்யத் தெரிந்த ஜில்லாவிற்கு, அதைத் தேர்ந்தெடுக்கவும் தெரியவேண்டும் என்பதே நமது அபிப்பிராயம்.

இதில் சட்டம் பெற்றோருக்கு உதவி செய்வதில்லை. 1988-ம் வருஷத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, பதினாறு வயதில் 50 சி.சி.க்கு மேற்படாத வண்டியை ஓட்டலாம். பதினெட்டு பூர்த்தியானதும் 'கியருடன் கூடிய மோட்டார் சைக்கிள்' என்ற ஒரே வகுப்பில் லைசென்ஸ் கிடைத்துவிடுகிறது. அந்த ஒரு கார்டைக் கொண்டு, சுமார் 8 குதிரைச் சக்தியுள்ள ஸ்பிளெண்டரையும் ஓட்டலாம்; 40 குதிரைச் சக்திக்கு மேற்பட்ட கே.டி.எம். 390-ஐயும் ஓட்டலாம். பரீட்சையோ நாம் அறிந்ததே. ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் கால் ஊன்றாமல் 'எட்டுப் போட' வேண்டும். எட்டுப் போடுவது நிதானத்திற்கு நல்ல சோதனைதான். ஆனால் அது நடை வேகத்தில் நடக்கும் சோதனை. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது குறுக்கே ஒரு டிராக்டர் திரும்பினால் பிரேக்கை எப்படிப் பிடிப்பது என்பதை எட்டு சோதிப்பதும் இல்லை, போதிப்பதும் இல்லை.

பிற நாடுகள் இவ்விஷயத்தில் படிக்கட்டு வைத்திருக்கின்றன. நம்மவர் ஏராளமாக வாழும் சிங்கப்பூரில் புதிதாக லைசென்ஸ் பெறுகிறவன் 200 சி.சி. வரையுள்ள வண்டியையே ஓட்டலாம். ஒரு வருஷம் அதை வைத்திருந்த பிறகுதான் 400 சி.சி. வரையுள்ள அடுத்த வகுப்பிற்குப் பயிற்சியும் பரீட்சையும். மறுபடி ஒரு வருஷம் கழித்தே அதற்கு மேல். பிரிட்டனில் பதினேழு வயதில் 125 சி.சி., ஏறக்குறைய 15 குதிரைச் சக்தி. பத்தொன்பதில்தான் 47 குதிரைச் சக்தி வரை. நம் பர்கூர்ப் பையன் சிங்கப்பூரில் பிறந்திருந்தால், சர்க்காரே அவனைப் படிப்படியாக ஏற்றியிருக்கும். இங்கே சட்டம் படிக்கட்டு கட்டாமல், தரையிலிருந்து நேரே மாடிக்குத் தாவ அனுமதி கொடுத்திருக்கிறது. சட்டம் கட்டாத படிக்கட்டைக் குடும்பம் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இக்கட்டுரையில் நாம் வற்புறுத்த விரும்புவது இது ஒன்றுதான்.

வேகத்தின் கணக்கை ஒவ்வொரு வாலிபனும் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறான். வண்டியில் ஏறியதும் மறந்துவிடுகிறான். நாற்பது கிலோமீட்டர் வேகம் எண்பதாகும்போது, மோதலின் பலம் இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகிறது. மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன் ஒரு விநாடியில் இருபது மீட்டர் கடக்கிறான். எதிரே ஆபத்தைக் கண்டு கை பிரேக்கைத் தொடுவதற்குள் அந்த இருபது மீட்டர் போய்விடும். அனுபவசாலிக்குக் கை தானாகப் போகிறது. புதியவன் யோசித்துப் பிடிக்கிறான், அல்லது யோசிக்காமல் முழுப் பலத்துடன் பிடித்து விழுகிறான். சிறிய வண்டி தவறை ஓரளவு மன்னிக்கும். பெரிய வண்டியில் கைப்பிடியைச் சற்று அதிகமாகத் திருகினாலே, ஓட்டுகிறவன் நினையாத இடத்திற்கு அது போய்ச் சேர்ந்திருக்கும்.

அப்படியானால் எதை வாங்குவது? எந்தக் கம்பெனிக்கும் விளம்பரம் செய்வது நமது நோக்கமல்ல. ஆயினும் பெயர் சொல்லாத புத்திமதியால் பயனில்லை. முதல் வண்டிக்கு 125 முதல் 160 சி.சி. வரை போதும். ரெய்டர் 125 போன்றது சுமார் 11 குதிரைச் சக்தி தருகிறது. அப்பாச்சி 160 வகைகள் 16 முதல் 17 வரை. முழுப் பந்தயத் தோற்றமுள்ள யமஹா ஆர்15 வண்டி 18-க்குச் சற்று மேல். பர்கூரிலிருந்து ஓசூர் வரை நெடுஞ்சாலையில் லாரிகளுடன் சேர்ந்து போவதற்கு இந்தச் சக்தி தாராளம். பந்தயத் தோற்றம்தான் வேண்டுமென்று பையன் ஒரே பிடியாக நின்றால், 390-க்குப் பதில் 155-ல் அதைப் பெற்றுக்கொள்ளலாம் என்பதைத் தகப்பனார் அறிந்திருக்க வேண்டும். தோற்றத்திற்கும் சக்திக்கும் சம்பந்தமில்லை.

சி.சி.யை மட்டும் பார்ப்பதும் தவறு. வண்டியின்மேல் உட்கார்ந்து, இரண்டு கால்களும் தரையில் நன்றாகப் பதிகின்றனவா என்று பார்க்க வேண்டும். ரெய்டரின் ஆசனம் 780 மில்லிமீட்டர் உயரம்; ஆர்15-ன் ஆசனம் 815. இந்த ஓர் அங்குலத்திற்கு மேற்பட்ட வித்தியாசம், சரளைக் கல்லில் நிற்கும்போது குட்டையான பையனுக்கு விழுவதற்கும் விழாமலிருப்பதற்கும் உள்ள வித்தியாசம். கைப்பிடி தாழ்ந்து, முதுகு வளைந்து ஓட்டும் அமைப்பு பந்தயப் பாதைக்கென்று ஏற்பட்டது. கிருஷ்ணகிரி ரவுண்டானா நெரிசலில் மணிக்கட்டு நோவெடுக்கும், தலை நிமிர்ந்து இருபுறமும் பார்ப்பதும் கஷ்டம். பின்னால் உட்காருவது யார் என்பதையும் யோசிக்க வேண்டும். தாயாரைச் சந்தைக்கு அழைத்துச் செல்லவும், தங்கையைக் கல்லூரியில் விடவும் அந்த வண்டிதான் பயன்படப்போகிறது. உயர்ந்து குறுகிய பின் ஆசனத்தில் புடவை கட்டிய பெண்மணி எப்படி உட்காருவாள்? வீட்டிலுள்ள அனைவருடைய பணத்தில் வாங்கும் வண்டி ஒருவனுக்கு மட்டும் பயன்படுவது நியாயமா?

பிரேக் விஷயத்தில் மட்டும் சிக்கனம் கூடாது. திடீரென்று பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காமல் தடுக்கும் ஏ.பி.எஸ். என்ற சாதனம், 125 சி.சி.க்கு மேற்பட்ட எல்லாப் புதிய வண்டிகளிலும் 2019 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து கட்டாயமாயிற்று. இது முன்சக்கரத்திற்கு மட்டும் உள்ளதும் உண்டு, இரு சக்கரங்களுக்கும் உள்ளதும் உண்டு. இரண்டிற்கும் உள்ளதை வாங்க இன்னும் சில ஆயிரம் ஆகுமென்றால், வர்ணத்திற்கும் ஸ்டிக்கருக்கும் செலவழிப்பதை இதற்குச் செலவழிக்கட்டும்.

இதற்கு வாலிபர்கள் சொல்லும் ஆக்ஷேபங்களையும் நாம் கேட்டிருக்கிறோம். "பெரிய வண்டியில் பிரேக்கும் டயரும் உயர்ந்தவை, ஆகவே அதுதான் பத்திரம்" என்பது ஒன்று. இது பொய்யன்று, பாதி உண்மை. உயர்ந்த பிரேக் பழகிய கைக்கு உதவும். பழகாத கைக்கு அதே பிரேக் ஆபத்து. "இப்போது சிறியது, பிறகு பெரியது என்று இரண்டு முறை வாங்குவது பண விரயம்" என்பது மற்றொன்று. புதிதாக ஓட்டுகிறவன் நிற்கும்போதாவது ஒரு முறை வண்டியைக் கீழே போடாமலிருப்பது அபூர்வம். முன்மூடியும் விளக்கும் உடைந்த பந்தய வண்டியைச் செப்பனிட எவ்வளவு ஆகுமென்று ஒர்க்ஷாப்பில் விசாரித்துப் பார்த்தால், எது விரயம் என்பது விளங்கும். நன்றாக விற்பனையாகும் 160 சி.சி. வண்டியைப் பத்திரமாக வைத்திருந்து இரண்டு வருஷத்தில் விற்றால் கணிசமான தொகை திரும்ப வரும். "நான் மெதுவாகத்தான் ஓட்டுவேன்" என்பது மூன்றாவது. சொல்லும்போது அவன் உண்மையாகவே சொல்கிறான். ஆனால் சிநேகிதன் முந்திக்கொண்டு போகும்போது அந்த வாக்குறுதி எவ்வளவு தூரம் நிற்கும்? 2023 செப்டம்பரில் இதே சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில், காஞ்சீபுரத்தை அடுத்து, யூடியூபில் பேரெடுத்த வாலிபர் ஒருவர் முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்ட முயன்று விழுந்தார். கை எலும்பு முறிந்தது. லைசென்ஸ் பத்து வருஷத்திற்கு ரத்தாயிற்று. பல வருஷம் ஓட்டிப் பழகியவர் கதி அது.

எல்லைப்புறத்தில் வாழும் நமக்கு மட்டும் உரிய ஒரு சபலமும் உண்டு. பெங்களூரில் கர்நாடகப் பதிவுள்ள பழைய பந்தய வண்டிகள் மலிவாகக் கிடைக்கின்றன என்று கேள்விப்பட்டுப் பையன்கள் அத்திப்பள்ளியைத் தாண்டிப் போகிறார்கள். மலிவு முதல் நாள் மட்டும்தான். வேறு மாகாணத்தில் பதிவான வண்டியைப் பன்னிரண்டு மாதத்திற்கு மேல் இங்கே வைத்துக்கொண்டால், இங்குப் புதுப் பதிவு எண் பெறவேண்டுமென்பது சட்டம். அதற்குக் கர்நாடக ஆபீஸிலிருந்து ஆட்சேபமின்மைச் சான்று வேண்டும். இங்கே வரி கட்ட வேண்டும். பெயர் மாற்றாமல் ஓட்டிக்கொண்டிருந்தால், பதிவுப் புத்தகத்தில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் கண்ணில் சொந்தக்காரர் என்று சுப்ரீம் கோர்ட்டு 2018-ல் தீர்ப்பளித்திருக்கிறது. விபத்து நேர்ந்தால் பெங்களூர்க்காரர் கோர்ட்டுக்கு இழுக்கப்படுவார். நம் பையனும் தப்பமாட்டான். அந்த வண்டியின் முந்தைய விழுதல்களையோ எந்தக் காகிதமும் சொல்லாது.

செலவுக் கணக்கையும் பையனும் தகப்பனாரும் ஒன்றாக உட்கார்ந்து போட வேண்டும். 2022 ஜூன் முதல் தேதியிலிருந்து விதிக்கப்பட்ட விகிதப்படி, மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் வருஷத்திற்கு 150 சி.சி. வரை ரூ. 714, அதைத் தாண்டி 350 வரை ரூ. 1,366, அதற்கு மேல் ரூ. 2,804. புதிய வண்டிக்கு இதை ஐந்து வருஷத்திற்குச் சேர்த்தே கட்ட வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி.க்கு உட்பட்ட வண்டிகளின் ஜி.எஸ்.டி. வரி 28 சதவீதத்திலிருந்து 18-ஆகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றிற்கு 40 ஆயிற்று. வரி குறைந்ததால் மிஞ்சும் பணத்தை இன்னும் பெரிய வண்டிக்குப் போடுவதா? ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள நல்ல ஹெல்மெட் இரண்டு, கையுறை, தடித்த மேற்சட்டை, கணுக்கால் மூடும் பூட்ஸ் ஆகியவற்றிற்குப் போடுவதே விவேகம்.

ஹெல்மெட் பற்றிக் கேட்டுக் கேட்டு வாசகர்களுக்கு அலுத்திருக்கும். ஆயினும் ஒரு கணக்கைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. 2022-ல் இந்தியாவில் சாலை விபத்துகளில் மாண்டவர் 1,68,491 பேர். அவர்களில் 74,897 பேர் இருசக்கர வண்டிகளில் சென்றவர்கள். ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து சென்றவர்கள். இது மத்திய சர்க்காரே வெளியிட்ட கணக்கு. அதே வருஷத்தில் விபத்துகளின் எண்ணிக்கையில் இந்தியாவிலேயே முதல் இடம் பெற்றது நமது தமிழ்நாடு. எந்தத் துறையில் முதலிடம் வகிப்பது என்பதற்கும் ஒரு முறை உண்டல்லவா?

வக்கீல் என்ற முறையில் இன்னொன்றும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். வாலிபன் ஒருவன் பிறர் பிழையால் இறந்தால், நஷ்டஈட்டுக் கோர்ட்டு அவன் உயிருக்கு விலை கூறும் வகை பலருக்குத் தெரியாது. சுப்ரீம் கோர்ட்டு 2009-ல் வகுத்த முறைப்படி, பதினைந்து முதல் இருபத்தைந்து வயதுக்கு உட்பட்டவனின் வருஷ வருமானத்தைப் பதினெட்டால் பெருக்குவார்கள். மணமாகாதவனானால், அவன் இருந்திருந்தால் தனக்கென்று பாதி செலவழித்திருப்பான் என்று கொண்டு அந்தப் பாதியைக் கழித்துவிடுவார்கள். மிஞ்சியதுதான் தாயின் கைக்கு வரும். தன் பிழையாலேயே விழுந்து இறந்தால் அதுவும் இல்லை. அப்படிப்பட்டவனின் வாரிசுகளுக்கு எதிர்த்தரப்பு இன்ஷூரன்ஸ் கம்பெனி நஷ்டஈடு தரவேண்டியதில்லை என்று 2025 ஜூலையில் அதே கோர்ட்டு மறுபடி உறுதி செய்தது. சொந்தக்காரர் தாமே ஓட்டுவதற்கென்று எடுக்கும் ரூ. 15 லட்சம் விபத்துப் பாதுகாப்பு ஒன்றுதான் அங்கே துணை. வண்டியைத் தகப்பனார் பெயரில் பதிவு செய்து மகன் ஓட்டினால், அதுவும் கைகொடுக்குமா என்பது வழக்காகிவிடும். லைசென்ஸ் உள்ள மகன் ஓட்டும் வண்டி மகன் பெயரிலேயே இருக்கட்டும்.

லைசென்ஸ் இல்லாத சிறுவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பதினெட்டு நிரம்பாத பையனிடம் சாவியைக் கொடுக்கும் பெற்றோருக்கு 2019-ம் வருஷத்துத் திருத்தம் மூன்று வருஷம் வரை சிறையும் ரூ. 25,000 அபராதமும் விதிக்கிறது. வண்டியின் பதிவு ஒரு வருஷத்திற்கு ரத்து. பையனுக்கோ இருபத்தைந்து வயது வரை லைசென்ஸே கிடையாது. அன்பினால் கொடுக்கும் சாவி அவன் ஏழு வருஷத்தைப் பூட்டிவிடும்.

சர்க்கார் செய்ய வேண்டியதும் உண்டு. முதல் இரண்டு வருஷத்திற்குச் சக்தி வரம்பு விதித்து, பிறகு பயிற்சியும் பரீட்சையும் வைத்து மேல் வகுப்பு அளிக்கும் முறையைப் பார்லிமெண்டு சட்டமாக்க வேண்டும். எட்டுடன் கூட, ஐம்பது கிலோமீட்டர் வேகத்திலிருந்து குறித்த இடத்தில் நிறுத்தும் சோதனையும் வேண்டும். வேகத்தை உண்மையாகவே நேசிக்கும் வாலிபர்களுக்கு ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலும், கோயமுத்தூரை அடுத்த செட்டிபாளையத்திலும் பந்தயப் பாதைகள் இருக்கின்றன. மோட்டார் உற்பத்தியில் இவ்வளவு பேர் பெற்ற ஓசூர்ப் பக்கத்தில், சாமானிய வீட்டுப் பிள்ளைகள் குறைந்த கட்டணத்தில் ஓட்டப் பழகுவதற்கென்று விசாலமான பயிற்சி மைதானம் ஒன்றை சர்க்காரும் தொழிலதிபர்களும் சேர்ந்து அமைத்தால் என்ன? வண்டி விற்பதால் வரும் லாபத்தில், வண்டி ஓட்டக் கற்பிப்பதற்கும் ஒரு பங்கு சேரவேண்டும்.

சட்டம் மாற எத்தனை வருஷம் ஆகுமோ. நண்பரின் பையன் அதுவரை காத்திருக்க மாட்டான். ஆகையால் அவரிடம் நாம் சொன்னது இது: மறுக்க வேண்டாம், மிரட்டவும் வேண்டாம். 160 சி.சி. வண்டி ஒன்றை, அவனையும் அழைத்துப் போய், உட்கார்ந்து பார்த்து, இரட்டை ஏ.பி.எஸ். உள்ளதாக வாங்குங்கள். ஹெல்மெட்டை அவனே தேர்ந்தெடுக்கட்டும். முதல் மூன்று மாதம் இருட்டிலும் மழையிலும் நெடுஞ்சாலை வேண்டாம். பின்னால் ஆள் ஏற்றவும் வேண்டாம். இரண்டு வருஷம் வண்டியையும் உடம்பையும் பழுதில்லாமல் வைத்திருந்தால், பெரிய வண்டிக்குப் பாதிப் பணம் தருவதாக இன்றே வாக்குக் கொடுங்கள். மீதிப் பாதியை அவன் சம்பாதிக்கட்டும். கொடுத்த வாக்கைத் தவறாமல் நிறைவேற்றுங்கள்.

நண்பர் சற்று நேரம் யோசித்தார். "இதையே நீங்கள் அவனிடம் சொல்ல வேண்டும், நான் சொன்னால் கேட்கமாட்டான்" என்றார். அழைத்து வாருங்கள் என்றோம். பையன் ஞாயிற்றுக்கிழமை வருகிறான். அதற்குள் இதைப் படித்திருப்பான் என்று நம்புகிறோம். படித்திருந்தால் அவன் ஆக்ஷேபங்களையும் எழுதி எடுத்து வரட்டும், கேட்கச் சித்தமாயிருக்கிறோம்.